மெய்நிகர் கணினியும் கொல்கத்தாவின் தொலைவும்

மேகக் கணிமைத் தளம் ஒன்றில் மெய்நிகர் கணினி நிறுவுவது இன்று சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலையாகிவிட்டது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் எடுக்கப்படும் முடிவுகள், அக்கணினி எந்த ஊரில் இருக்கும், யார் அதற்குள் நுழையலாம், எவ்வளவு செலவாகும், பேரிடர் வந்தால் எது மிஞ்சும் என்பனவற்றையெல்லாம் பல ஆண்டுகளுக்குத் தீர்மானித்துவிடுகின்றன. இவற்றுள் முதல் முடிவான ஊர்த் தேர்வைப் பெரும்பாலான கையேடுகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. மும்பையில் இருப்பவருக்கு அது போதும். பெருநிறுவனங்களின் தரவு மையங்கள் நகருக்குள்ளேயே இருக்கும்போது அங்குத் தேர்வு என்று ஒன்று உண்மையில் இல்லை. கொல்கத்தாவின் நிலை வேறு. இந்தியாவில் கணினி முதன்முதலில் வந்திறங்கிய நகரங்களுள் முன்னிற்கும் அந்நகரம், மேகக் கணிமைக் காலத்தில் நெடுந்தொலைவிலிருந்து கணிப்பாற்றலை வரவழைத்துக்கொள்ளும் நகரமாக மாறியது. 2022க்குப் பிறகே அந்நிலை ஓரளவு மாறத் தொடங்கியுள்ளது. ஆகவே மெய்நிகர் கணினி நிறுவுதல் என்ற பொருளை முழுமையாக ஆராய விரும்புவோருக்குக் கொல்கத்தாவே தக்க இடம்.

மெய்நிகர் கணினி என்பது, ஒரு பெரிய சர்வரின் செயலி, நினைவகம், வட்டு, வலை இணைப்பு ஆகியவற்றை மென்பொருளின் துணையால் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனக்கென ஓர் இயக்குதளத்தைக் கொண்ட தனிக் கணினியாகவே நடந்துகொள்ளும்படி செய்வதாகும். பங்கிடும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். உள்ளே இயங்கும் இயக்குதளத்துக்குத் தன் அண்டையில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது, தெரியவும் கூடாது. தெரியாமல் காப்பதுதான் ஹைப்பர்வைசரின் தலையாய கடமை.

இத்தகைய பங்கீட்டுக்கான தேவை பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. பி. சி. மகலனோபிஸ் 1931இல் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கொல்கத்தாவின் வடக்கிலுள்ள பராநகரில், 1955இல் ஹெச்இசி-2எம் என்னும் பிரித்தானிய எண்முறைக் கணினியைப் பெற்றது; இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியாக அதுவே குறிப்பிடப்படுகிறது. அதன் நினைவகம் 1024 சொற்களை மட்டுமே தாங்கும் காந்த உருளை. பின்னர் சோவியத் ஒன்றியத்திலிருந்து உரால் கணினி வந்தது. 1966இல் அந்நிறுவனமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஐஎஸ்ஐஜேயூ-1 இயங்கத் தொடங்கியது. ஒரு கணினி, பல ஆய்வாளர்கள் என்ற இந்நிலை அக்காலத்தில் உலகெங்கும் பொதுவானது. அதற்கு விடைதேடி, 1960களின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் சிபி-40 என்ற அமைப்பு உருவானது. கணினியின் நேரத்தைப் பயனர்களுக்குப் பிரித்துத் தருவதோடு நில்லாமல், ஒவ்வொருவருக்கும் முழுக் கணினி ஒன்றையே தந்தது போன்ற தோற்றத்தை அது ஏற்படுத்தியது. 1972இல் ஐபிஎம் அதன் வழித்தோன்றலை விஎம்/370 என வணிகப் பொருளாக வெளியிட்டது. ஒரு செயலி மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதா என்பதற்கான முறையான நிபந்தனைகளை ஜெரால்டு போபெக்கும் ராபர்ட் கோல்டுபர்க்கும் 1974இல் வகுத்தனர்.

மேசைக் கணினிகளுக்காக வளர்ந்த எக்ஸ்86 செயலிகள் அந்த நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை; ஆகையால் இக்கலை நெடுங்காலம் பெருங்கணினிகளோடு ஒதுங்கியிருந்தது. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் மென்பொருள் உத்தியால் அத்தடையைக் கடந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து சென் என்னும் ஹைப்பர்வைசர் வெளிவந்தது. 2005க்கும் 2006க்கும் இடையே இன்டெலும் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கான ஆதரவைச் சேர்த்தன. 2007இல் கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசர் லினக்ஸ் கருவகத்தின் உறுப்பாயிற்று. இதற்கிடையே 2006 ஆகஸ்டில் அமேசான் தன் இசி2 என்னும் மெய்நிகர் கணினிச் சேவையைச் சோதனை வடிவில் திறந்தபோது, கணினி என்பது வாங்கும் பொருள் என்ற நிலை மாறி, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் சேவையானது.

வாடகைக் கணினிக்கும் தரையில் ஓர் இடம் உண்டு. மேகம் என்ற பெயர் அதை மறைத்தாலும், இந்தியாவின் வரைபடத்தில் இந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெளிவாகவே புலப்படும். மைக்ரோசாஃப்டின் அஷுர் 2015இல் புணே, சென்னை, மும்பை ஆகிய மூன்றில் வட்டாரங்களைத் திறந்தது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் தில்லியிலும், ஆரக்கிள் மும்பையிலும் ஐதராபாத்திலும் வட்டாரங்களை அமைத்தன. வட்டாரம் என்பது ஒன்றுக்கொன்று தனித்த மின்வழங்கலும் வலை இணைப்பும் கொண்ட தரவு மையத் தொகுதிகள் பலவற்றின் கூட்டு. அத்தகைய தொகுதிக்கு இருப்புநிலை மண்டலம் என்று பெயர். கிழக்கிந்தியாவில் இப்பெருநிறுவனங்களின் முழு வட்டாரம் எதுவும் எழவில்லை. ஆனால் தகவல் தொடர்பில் கொல்கத்தா முன்னோடி நகரம். 1850இல் டைமண்ட் ஹார்பரை நோக்கி இந்தியாவின் முதல் சோதனைத் தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் கொல்கத்தாவிலிருந்துதான். 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் செல்பேசி அழைப்பை அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு விடுத்ததும் அங்கிருந்துதான். இருந்தும் கடலடிக் கேபிள்கள் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய கரைகளில் ஏறின. பெரிய வாடிக்கையாளர்களான வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் மேற்கிலும் தெற்கிலும் குவிந்தன. கேபிள் ஏறும் கரைக்கும் வாடிக்கையாளர் கூடும் நகருக்கும் அருகில் தரவு மையம் எழுவது இயல்பு. கொல்கத்தா பின்தங்கியதற்கு அந்நகரின் அறிவுவளம் காரணமன்று.

2022இன் இறுதியில் ஏடபிள்யூஎஸ் கொல்கத்தாவில் ஓர் உள்ளூர் மண்டலத்தைத் திறந்தது. உள்ளூர் மண்டலம் என்பது முழு வட்டாரமன்று. தாய் வட்டாரம் ஒன்றின் நீட்சியாக வேறொரு நகரில் வைக்கப்படும் சிறிய தரவு மையம். கொல்கத்தா மண்டலத்தின் குறியீட்டுப் பெயரில் அந்நகர விமான நிலையத்தின் சிசியு என்ற மூன்றெழுத்துகள் இடம்பெற்றுள்ளன. அதன் தாய் வட்டாரம் மும்பை. நிலப்படத்தில் கொல்கத்தாவுக்கு ஐதராபாத்தே நெருக்கம் என்றாலும் நிர்வாக உறவு மும்பையோடுதான். கணினியைத் தொடங்கு, நிறுத்து, அழி என்னும் கட்டளைகளை ஏற்றுச் செயல்படுத்தும் நிர்வாக அடுக்கும் மும்பையிலேயே இருக்கிறது.

இந்த உறவைப் புரிந்துகொள்ளாமல் கொல்கத்தாவில் கணினி நிறுவ முனைவோர் முதல் படியிலேயே திகைத்து நிற்பர். புதிய கணக்கு ஒன்றில் மும்பை வட்டாரத்துக்கான இயல்புநிலைத் துணைவலைகள், அதாவது கணினிகளுக்கு முகவரி வழங்கும் வலைப் பகுதிகள், முன்னரே அமைக்கப்பட்டிருக்கும். கொல்கத்தாவுக்கு அவ்வாறு எதுவும் இருக்காது. கணக்கின் அமைப்புகளில் அம்மண்டலத்தை முதலில் இயக்கி, பிறகு தன் வலையமைப்புக்குள் கொல்கத்தாவுக்கெனத் தனித் துணைவலை ஒன்றை உருவாக்கி, அதன் பின்னரே கணினியை அதில் நிறுவ முடியும். வெளியுலகுக்கான நிலையான ஐபி முகவரியையும் கொல்கத்தா மண்டலத்தின் பெயரிலேயே பெறவேண்டும். மும்பையில் பெற்ற முகவரியை இங்குக் கொண்டுவந்து பொருத்த இயலாது. கிடைக்கும் கணினி வகைகளும் தாய் வட்டாரத்தில் உள்ளவற்றைவிடக் குறைவு, விலைப்பட்டியலும் தனி.

இவ்வளவு சிரமம் எதற்கு என்ற கேள்விக்கு இயற்பியலில்தான் விடை தேடவேண்டும். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். ஆகவே ஒரு செய்தி போய்த் திரும்ப 16 அல்லது 17 மில்லிநொடிக்குக் குறையாது. இழைகள் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் ஒட்டி வளைந்து செல்வதாலும் இடையில் வழிப்படுத்திகள் பல இருப்பதாலும் நடைமுறையில் அது கூடவே செய்யும். நகருக்குள்ளேயே கணினி இருந்தால் இத்தாமதம் ஒற்றை இலக்க மில்லிநொடிக்குள் அடங்கிவிடுகிறது.

எந்தப் பணிக்கு இந்த வேறுபாடு பொருட்டாகும் என்பதைப் பிரித்தறிவதே நிறுவுவோரின் உண்மையான திறமை. 1861இல் தொடங்கிய கொல்கத்தா தேயிலை ஏலம் இன்று மின்னேலமாக நடக்கிறது. விலை கூறுவோர் நொடிக்கணக்கில் சிந்திக்கும் அத்தகைய பணிக்கு மும்பையில் இருக்கும் கணினியால் எந்தக் குறையும் வராது. கல்லூரி ஒன்றின் சேர்க்கைத் தளம், சிறு கடையின் கணக்கு மென்பொருள், செய்தி இதழ் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. மாறாக, டாலிகஞ்ச் படப்பிடிப்புத் தளங்களைச் சார்ந்த படத்தொகுப்பாளர் தொலைவிலுள்ள கணினியின் திரையைத் தன் மேசையில் வைத்துச் சட்டகம் சட்டகமாக வெட்டும்போதும், பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டின்போதும், மருத்துவமனை தன் ஊடுகதிர்ப் படங்களை அவ்வப்போது இழுத்துப் பார்க்கும்போதும் அருகாமையின் பயன் கண்ணுக்கே தெரியும்.

அருகாமை தீமையாக முடியும் நிலையும் ஒன்று உண்டு. அதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகின்றனர். நிரல் கொல்கத்தாவிலும் தரவுத்தளம் மும்பையிலும் இருக்குமாறு பிரித்துவிட்டால், ஒரு பக்கத்தைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாக 40 வினவல்கள் தேவைப்படும் மென்பொருள், வினவலுக்கு 17 மில்லிநொடி என்று கொண்டால்கூட 680 மில்லிநொடியைப் பயணத்திலேயே கழித்துவிடும். இரண்டும் மும்பையிலேயே இருந்திருந்தால் கொல்கத்தாப் பயனர் ஒருமுறை மட்டுமே அத்தொலைவைக் கடந்திருப்பார். தரவும் அதைக் கையாளும் நிரலும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும், இல்லையேல் இரண்டும் சேர்ந்தே தொலைவில் இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் விதி.

அரசுப் பணிகளுக்கு இத்தேர்வு வேறு வகையில் அமைகிறது. தேசியத் தகவலியல் மையம் 2014இல் மேக்ராஜ் என்ற பெயரில் அரசு மேகத்தைத் தொடங்கியது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தணிக்கை செய்து பட்டியலில் சேர்த்த தனியார் சேவைகளையும் அரசுத் துறைகள் பயன்படுத்தலாம். பணப்பரிமாற்றத் தரவு இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்படவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, சிங்கப்பூர் வட்டாரத்தை நாடும் வழியைப் பணச்சேவை நிறுவனங்களுக்கு அடைத்தது. அறிவியல் ஆய்வாளர்களோ பெரும்பாலும் இவ்வாடகைச் சந்தைக்கு வெளியேயே நிற்கின்றனர். 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்று பரம் ருத்ரா மீக்கணினிகளுள் ஒன்று கொல்கத்தா எஸ். என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தில் உள்ளது. அங்கு மெய்நிகர் கணினிக்கு இடமில்லை, பணிகள் வரிசையில் இடப்பட்டு வன்பொருளிலேயே நேரடியாக இயங்குகின்றன.

இடம் முடிவான பிறகு அளவு. ஏடபிள்யூஎஸ் தளத்தில் கணினி வகையின் பெயரில் ஓர் எழுத்தும் எண்ணும் அளவுச் சொல்லும் இருக்கும். டி3 மைக்ரோ என்றால் இரண்டு மெய்நிகர் செயலிகளும் 1 கிபிபைட் நினைவகமும் என்று பொருள். டி குடும்பம் இடையிடையே மட்டும் விரைந்து உழைப்பதற்கானது. டி3 மைக்ரோவில் ஒவ்வொரு செயலிக்கும் 10 சதவீத அடிப்படை ஆற்றலே உரிமை. அதற்குக் கீழே உழைக்கும்போது வரவு சேரும், மேலே உழைக்கும்போது வரவு கரையும். டி3 வகையில் வரவு தீர்ந்தபின்னும் வேகம் குறையாதிருக்கும் வரம்பற்ற முறையே இயல்புநிலை. கூடுதல் உழைப்புக்குக் கட்டணம் தனியாக ஏறும். மலிவு வகை என்று எடுத்துவிட்டு இரவு பகலாகக் கணக்கீடு ஓடவிடுவோர் மாத இறுதியில் அதிர்ச்சியடைவது இதனால்தான். நாள் முழுவதும் சீராக உழைக்கும் பணிக்கு வேறு குடும்பத்தைத் தேர்வதே முறை.

அடுத்தது நுழைவாயில். லினக்ஸ் கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் என்னும் மறையாக்க வழியில் நுழைவதற்கு ஒரு சாவி இணை உருவாக்கப்படுகிறது. பொதுச் சாவி கணினிக்குள் வைக்கப்படும், அந்தரங்கச் சாவி ஒரே ஒருமுறைதான் பதிவிறக்கக் கிடைக்கும். அது தொலைந்தால் சேவை நிறுவனத்தாலும் மீட்டுத் தரமுடியாது. பாதுகாப்புக் குழு எனப்படும் தீச்சுவர் விதிகள் எந்த வாயில் எண் எந்த முகவரிக்குத் திறந்திருக்கும் என்பதைச் சொல்கின்றன. கணினி தொடங்கும் படிவம் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் வாயிலை 0.0.0.0/0 என, அதாவது உலகனைத்துக்கும் திறந்துவிடுமாறு முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகிறது. திறந்த வாயிலைத் தேடி இணையமெங்கும் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்களுக்கு ஓய்வே இல்லை. புதிய முகவரி ஒன்றையும் அவை விரைவிலேயே கண்டுபிடித்துவிடும். தன் முகவரிக்கு மட்டும் திறப்பதே நல்லது என்று நூல்கள் சொல்லும். ஆனால் இந்திய வீட்டு இணைப்புகளில் முகவரி அடிக்கடி மாறுகிறது, ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஆகவே எந்த வாயிலையும் வெளியே திறக்காமல், தளத்தின் அடையாளச் சோதனை வழியாகவே உள்நுழையும் அமர்வு மேலாளர் போன்ற வசதியே வீட்டிலிருந்து பணிபுரியும் கொல்கத்தாப் பொறியாளருக்கு உகந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கணினிக்கு உள்ளேயும் ஒரு வாயில் இருக்கிறது. 169.254.169.254 என்ற முகவரியில் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தன்னைப் பற்றிய விவரங்களையும், தனக்குத் தரப்பட்ட தற்காலிக அனுமதிச் சான்றுகளையும் கேட்டுப் பெறலாம். 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல் கசிந்தபோது, தவறாக அமைக்கப்பட்ட தீச்சுவரை ஏமாற்றி இம்முகவரியிலிருந்து சான்றுகளைப் பெற்றதே வழியாக அமைந்தது. அதே ஆண்டு நவம்பரில், முதலில் ஒரு குறிச்சீட்டைப் பெற்ற பிறகே பதில் தரும், இவ்விவரச் சேவையின் இரண்டாம் பதிப்பு வெளியானது. பழைய இயக்குதளப் படிமங்களிலிருந்து கணினி நிறுவுவோர் அந்த இரண்டாம் பதிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

நிறுவிய உடனே செய்யப்படும் சிறு செயல்களில் நேர வலயத்தை அமைப்பதும் ஒன்று. உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தொகுப்பில் இந்தியா முழுமைக்குமான பெயர் ஆசியா/கொல்கத்தா; 2008க்கு முன்னர் அது ஆசியா/கல்கத்தா என்றிருந்தது. சென்னையிலோ மதுரையிலோ கணினி அமைப்பவரும் கொல்கத்தாவின் பெயரையே தேர்ந்தெடுக்கிறார். மேகத்தில் வரும் கணினிகள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் தொடங்குகின்றன. நள்ளிரவுக்கென அமைத்த பணி அதனால் இந்தியாவில் காலை 5.30க்கு ஓடும். நேரத்தின் துல்லியம் சட்டக் கடமையும் ஆகும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கவேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்கவேண்டும் என்றும், இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் ஐந்து பேர் பணிபுரியும் நிறுவனத்துக்கு இந்த 6 மணி நேரம் மிகக் குறுகியது. பதிவேடுகள் ஒழுங்காகச் சேரும் ஏற்பாட்டைக் கணினி நிறுவும் நாளிலேயே செய்யாதவர்கள் அதை நிறைவேற்றவே முடியாது.

கொல்கத்தாவில் கணினி வைப்பதில் கடைசியாகவும் ஆழமாகவும் எண்ணவேண்டியது இயற்கை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கரையேறியபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமும் இணையமும் இன்றித் தவித்தன. தரவு மையங்கள் மின்னாக்கிகளோடும் மாற்று இணைப்புகளோடும் கட்டப்படுபவை. எனினும் மும்பை வட்டாரத்தில் மூன்று இருப்புநிலை மண்டலங்கள் இருக்க, கொல்கத்தாவில் அத்தகைய மாற்று இல்லை. ஆகவே கொல்கத்தாவில் விரைவுக்காக ஒரு கணினியை வைப்பவர், அது நின்றால் மும்பையில் எழும் மற்றொன்றையும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். மும்பைக்கும் ஒரு மாற்றுத் தேவைப்படும் அளவுக்கு முக்கியமான தரவெனில் ஐதராபாத்தில் மூன்றாம் படியை வைக்கலாம். வங்கக் கடலின் புயலும் அரபிக் கடலின் மழையும் ஒரே நாளில் தக்காணப் பீடபூமியையும் முடக்கும் என்று அஞ்சத் தேவையில்லை.

மெய்நிகர் கணினியின் முடிவும் நிறுவுதலின் ஒரு பகுதியே. நிறுத்திவைத்தால் செயலிக்கான கட்டணம் நிற்கும். வட்டுக்கும் நிலையான முகவரிக்கும் கட்டணம் தொடரும். 2024 பிப்ரவரி முதல் ஏடபிள்யூஎஸ் தளத்தில் பொது ஐபி நான்காம் பதிப்பு முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கப்படுகிறது. மாதத்துக்கு அது 3.65 டாலர். கணினியை அடியோடு அழித்தால் இயக்குதளம் இருந்த முதன்மை வட்டு இயல்பாக உடன் அழியும். பின்னர் இணைத்த கூடுதல் வட்டுகள் அழியா. அவ்வட்டுகளிலிருந்து எடுத்த நிழற்படிகள் வேறு கட்டளை தரப்படாத வரை தாய் வட்டாரத்திலேயே சேமிக்கப்படுவதால், கொல்கத்தாவில் கணினியும் வட்டும் அழிக்கப்பட்ட பின்னும் அவற்றின் உள்ளடக்கம் மும்பையில் கட்டணத்தோடு நீடிக்கும். பயனர்களின் தனிப்பட்ட தரவு அதில் இருந்தால், அதை நீக்கும் பொறுப்பும் நிழற்படிகள் நீக்கப்படும் நாள்வரை கணக்கின் உரிமையாளரிடமே இருக்கிறது.